எதில் செய்தாய் என்று கேட்ட சங்கையா

யாராவது வேலை கொடுக்க வந்தால், வந்த ஆள் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் செல்வலட்சுமி ஆரம்பித்துவிடுவாள். இதை இந்த மொழியில் எழுதலாம், முன்பக்கத்துக்கு இன்னொன்றைப் போடலாம், கணக்கு விவரமெல்லாம் தங்குவதற்கு வேறொன்று இருக்கிறது என்று மூச்சுவிடாமல் போவாள். பசியோடு வந்தவனைப் பந்தியில் உட்கார வைக்காமல் அடுப்படிக்கு இழுத்துப் போய்ச் சட்டி பானைகளைக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அது. எத்தனையோ பேர் தலையை ஆட்டிவிட்டு, டீயையும் குடித்துவிட்டு, எழுந்து போய்விட்டார்கள். அவளுக்குப் புத்தி வரவில்லை. நல்ல பெண்தான், மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது.

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து கிள்ளினாள், அப்பா ஃபேக்டரியில் இருந்தார். படித்து, கம்ப்யூட்டர் வேலைக்குக் கொச்சிக்குப் போனாள். கல்யாணம் ஆனது குமுளியில் ஒரு சுற்றுலா விடுதியில் முன்மேசையில் இருக்கும் வினோவோடு. அவன் குமுளியில், அவள் கொச்சியில். சனிக்கிழமை பஸ் பிடித்து வருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவாள். விடுதிப் பையன்கள் அவனை "சனிக்கிழமைப் பொண்டாட்டி வந்தாச்சா?" என்று கேட்பார்களாம். முதல் தடவை அவள் காதில் விழுந்தபோது சிரித்தாள். அடுத்த தடவை சிரிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து, ஆனைக்கரையில் ஒரு உரக்கடைக்கு மேலே அறை பிடித்துப் பலகை மாட்டினாள். யார் என்ன கேட்கிறார்களோ அவர்களுக்கு ஏற்றமாதிரி சாஃப்ட்வேர் செய்து கொடுப்பாள் என்று ஊர் தெரிந்துகொண்டது.

கொச்சிக் கம்பெனி அவளை விட்டுவிடவில்லை. "எப்ப வேணும்னாலும் வா, சீட்டு இருக்கு" என்று மாதம் தவறாமல் ஒரு செய்தி வரும். அவளும் ஒரு கெடு வைத்துக்கொண்டாள். இந்த ஏலக்காய் சீசனுக்குள் இங்கே காலூன்ற வழி கிடைத்தால் சரி. இல்லையென்றால் மறுபடியும் அந்த பஸ், அந்தச் சனிக்கிழமை.

காலூன்ற வழி என்று வந்தது ஒன்றே ஒன்றுதான், சங்கையாவின் ஸ்டோர். இங்கே ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, சூடேற்றிக் காயவைக்கும் கட்டடம். சொந்தமாகக் கட்ட வசதியில்லாத சின்னச் சின்ன தோட்டக்காரர்கள் தங்கள் காயை அங்கே அனுப்புவார்கள். பலபேருடைய காய் ஒரே சூட்டில் காயும். சங்கையாவின் ஸ்டோரில் இது சரியாக நடந்தால், அந்த வட்டாரத்து மற்ற ஸ்டோர்க்காரர்களும் வருவார்கள். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

அவரிடம் முதல் நாள் போனபோது பழைய குணத்தை விட்டாளா? விடவில்லை.

"மாமா, இதை நான் பி.எச்.பில எழுதலாம்னு இருக்கேன். ஏன்னு சொன்னா..."

"எழுது."

"ஏன்னு கேளுங்க மாமா. இது ரொம்ப நாளா பொழக்கத்துல இருக்கு, எங்க வேணும்னாலும்..."

"ஏத்தா, கரண்டு போனா கணக்கும் போயிருமா?"

"போகாது. போன்லயே தங்கும். லைன் வந்ததும் ஏறிக்கிடும். ஆனா நான் சொல்ல வந்தது..."

"ஈரக்கையோட அமுக்கினா கேக்குமா?"

"பட்டனைப் பெருசா வைக்கிறேன். மாமா, இந்த மொழியில..."

"இன்பமேரிக்கு வெளங்குமா? அதைச் சொல்லு. அவ சொல்ற மாதிரி செஞ்சிரு. எனக்கு அந்தாண்ட காய் இறங்குது, வரட்டுமா?"

எழுந்தே போய்விட்டார். வீட்டுக்கு வந்து வினோவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"ஒரு மனுசன், தான் வாங்குற பொருளு எதுல செஞ்சதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரா? ஜீப்பு வாங்குனா பானட்டைத் தொறந்து பாக்காம வாங்குவாரா?"

"ஜீப்புக்குப் பானட்டு இருக்கு. ஒன்னுதுக்கு எங்க இருக்கு, தொறந்து பாக்க?" என்றான் வினோ. அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவனோடு பேச்சில்லை.

இன்பமேரி அந்த ஸ்டோரில் காய் இறக்கி, எடை போட்டு, தட்டில் பரப்புகிற பெண்களுக்குத் தலைவி. செல்வலட்சுமி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுத்துச் செய்துகொண்டு போனாள். இன்பமேரி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாவது நாள் போனை எடுத்துக் கோணிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"நம்பரை எவ பாக்குறா பாப்பா? சாக்குல துணி கட்டியிருக்குல்ல?"

அங்கே வழக்கம் அதுதான். மேட்டுத் தோட்டக்காரர்கள் யாரும் சாக்கோடு வருவதில்லை. லிபின் என்கிற டிரைவர் தன் ஜீப்பில் எல்லார் சாக்கையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போவான். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு வீடும் தன் சாக்கின் வாயில் ஒரு கிழிசல் துணியைக் கட்டியனுப்பும். பழைய சேலை, கைலி, திரைச்சீலை, எதுவானாலும் ஒரு வீட்டுக்கு ஒரு துணி. மழையில் பேர் எழுதினால் அழிந்துபோகும், துணி அழியாது. மஞ்சள்பூப் போட்டது முருகேஸ்வரி வீடு, நீலக்கட்டம் அடுத்த வீடு, இப்படி. சீசன் முடிவதற்குள் துணி வெளிறி நைந்துபோகும். அடுத்த சீசனுக்குப் புதுத் துணி.

செல்வலட்சுமி பார்த்தாள். எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, துணிகளைப் படமெடுத்துப் போனில் வரிசையாக வைத்தாள். சாக்கில் என்ன துணியோ அந்தப் படத்தை அமுக்கினால் அந்த வீட்டுக் கணக்கில் எடை ஏறும், எந்த வரிசைத் தட்டு என்றும் அதுவே சொல்லும். படத்தில் இல்லாத துணி வந்தால், லிபினிடம் வீட்டைக் கேட்டுப் புதிதாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்பமேரிக்குச் சந்தோஷம். "இது வேலை" என்றாள். அந்த சீசன் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. பக்கத்து ஸ்டோர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்து, "வர்ற சீசன்ல பாப்போம்" என்று சொல்லிவிட்டும் போனார்கள். அவளும் கொச்சிக்காரர்களின் செய்தியைப் படிக்காமலே ஒதுக்கப் பழகிக்கொண்டாள்.

கோடையில்தான் வந்தது வினை. சங்கையாவின் மகள் பிரதீபாவும் மருமகன் ராஜசேகரும் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தார்கள். ராஜசேகருக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். மாமனார் பெருமையாகப் போனைக் காட்டினார். அவன் தட்டிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், செல்வலட்சுமியைக் கூப்பிட்டனுப்பினான்.

"நல்லா இருக்கு சிஸ்டர். எதுல பண்ணியிருக்கீங்க?"

பாருங்கள், இத்தனை வருஷம் யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கியவள் அவள். கேட்டதும் முகம் மலர்ந்து சொன்னாள். அவன் உதட்டைச் சுழித்தான்.

"பி.எச்.பியா? இன்னுமா? ஃப்ளட்டர் மாதிரி ஏதாச்சும் பாத்திருக்கலாமே. பின்னாடி பைத்தான் போட்டிருக்கலாம். இப்ப யாரும் இதைத் தொடுறதில்லை சிஸ்டர்."

"தொடுறாகண்ணே. உலகத்துல பாதி..."

"சரி சரி, நான் சும்மா சொன்னேன்."

அவன் சும்மாதான் சொன்னான். சொல்லிவிட்டு மாம்பழம் சாப்பிடப் போய்விட்டான். சங்கையாவுக்கு அது போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மருமகன் ஊருக்குப் போனபிறகும் அது போகவில்லை. ஒரு நாள் உரக்கடை மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறிவந்தார்.

"ஏத்தா செல்வி, நீ எனக்குச் செஞ்சு குடுத்தது பழசாமே?"

"என்னது பழசு?"

"அதான், பி.எச்.பி. மாப்ள சொன்னாரு. யாருமே தொடுறதில்லையாம்."

"மாமா, போன சீசன்ல ஒரு நாளாச்சும் நின்னுச்சா?"

"நிக்கலை."

"ஒரு கிலோ தப்பா ஏறுச்சா?"

"ஏறலை."

"அப்பறம் என்ன மாமா?"

"பழசுன்னு சொல்றாருல்ல."

"நான் மொத நாளே சொன்னேன், எதுல பண்றேன்னு. அப்ப எழுந்திரிச்சுப் போனீக. இப்ப வந்து பழசுன்றீக."

"அப்ப எனக்குத் தெரியாதுல்ல, அது பழசுன்னு."

"இப்ப மட்டும் என்ன தெரியும்?"

"பழசுன்னு தெரியும்."

சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது அவளுக்கு. எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாள்! உங்கள் ஸ்டோரின் அடுப்பு எந்த வருஷத்தது என்று கேட்டாள். அது வேறு, இது வேறு என்றார். மனிதர் கோபப்படவும் இல்லை, கத்தவும் இல்லை. மாடு மறித்துக்கொண்டு நிற்பதுபோல நின்றார். கடைசியில், "புதுசுல பண்ணிக் குடு, தொடர்ந்து வச்சுக்கிறேன். இல்லைன்னா மாப்ளைக்கு அங்க ஆளுக இருக்காகளாம், அவுகளையே செய்யச் சொல்றேன்னாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"பண்ண முடியாதுன்னு சொல்லிரு" என்றான் வினோ.

"சொல்லிட்டு? கொச்சிக்கு பஸ் ஏறவா?"

அவன் மேசையைத் துடைத்துக் கொடுத்தான்.

அவள் உட்கார்ந்தாள். ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதே வேலையை அதே மாதிரி செய்கிற இன்னொன்றை, மருமகன் சொன்ன சாமான்களிலேயே எழுத ஆரம்பித்தாள். வாயெல்லாம் திட்டு. எழுதுகிற கையோ வேறு கதை சொல்லியது. புதுச் சாமானைத் தொட அவளுக்கும் ஆசை இருந்ததுதான் உண்மை. "சிஸ்டர்" என்று சொல்லி உதட்டைச் சுழித்தவன் முகம் கண்முன் வந்து வந்து போகும். அவன் பார்த்து வாயடைக்க வேண்டும் என்று எழுதினாள். வட்டமாகச் சுழன்று மறைகிற பட்டன், வழுக்கிக்கொண்டு வருகிற படம், யாரும் கேட்காத மினுக்கெல்லாம் அதில் சேர்ந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக்கூடக் கீழே இறங்கவில்லை. கோடை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. அந்த நாட்களில் ஸ்டோர்ப் பக்கம் அவள் எட்டியே பார்க்கவில்லை. ஊரில் என்ன நடந்தது, யார் என்ன வாங்கினார்கள், எதுவும் தெரியாது.

சீசனின் முதல் காய் இறங்குகிற அன்று புதிதை எடுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் பறிப்பைத் தொடங்குமுன் முருகேஸ்வரி மட்டும் அன்று ஒரு சாக்கைத் தானே தலையில் சுமந்து வந்திருந்தாள். சாக்கின் வாயில் மஞ்சள்பூத் துணியைக் காணோம், புதிதாக ஒரு பச்சைத் துணி, ஓரத்தில் மெல்லிய ஜரிகை. செல்வலட்சுமி அதைப் படமெடுத்து முருகேஸ்வரி பேரில் ஏற்றி, இன்பமேரியிடம் நீட்டினாள்.

"மேரிக்கா, பாருங்க. எல்லாமே புதுசு."

இன்பமேரி அமுக்கினாள். எடை ஏறியது. தட்டு சொன்னது.

"எங்க பாப்பா புதுசு?"

"முழுசும் புதுசுக்கா! அடியில இருந்து மாத்தியிருக்கேன்."

"அப்படியா..." போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "கலரு கொஞ்சம் கூடியிருக்கோ? முருகேசு, ஒனக்குத் தெரியுதா?"

"எனக்கு எப்பவும் போலத்தான் தெரியுது மதினி" என்றாள் முருகேஸ்வரி.

சங்கையா வந்தார். "இது புதுசுலதான?" என்றார். "புதுசுலதான்" என்றாள். "அது போதும்" என்று போய்விட்டார். பட்டன் சுழன்று மறைவதை ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பிழை மிச்சம் இருக்கிறது, போய்ச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு மழையில் விறுவிறுவென்று அறைக்குத் திரும்பினாள். மற்ற வீட்டுத் துணிகளை இன்பமேரி எடுத்துக்கொள்வாள், போன சீசனில் எடுக்கவில்லையா என்ன?

இரண்டு நாள் கழித்துக் காலையில் லிபின் படியேறி வந்தான். அவன் மலையாளக்காரன், தமிழ் அவன் வாயில் குலுங்கிக் குலுங்கித்தான் வரும்.

"சேச்சி, ஸ்டோர்ல பெரிய சண்டை. முருகேஸ்வரி சேச்சி முடியைப் பிடிக்க ரெண்டு பேர் போயி. நீங்க வரணும்."

போனாள். ஸ்டோர் முற்றத்தில் மேட்டுத் தோட்டத்துப் பெண்கள் பிளாஸ்டிக் சீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று கத்தினார்கள். காய்ந்த காய் வெளியே வந்திருந்தது. போனில் பார்த்தால் அவ்வளவும் முருகேஸ்வரி பேரில். மற்ற நாலு வீட்டுக்கும் ஒன்றுமே இல்லை.

"எந் தோட்டத்துல காய்க்கிறது எந் தப்பா?" என்று முருகேஸ்வரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"காய்க்கும்டி காய்க்கும்! ஒன் தோட்டத்துல ஏலச்செடியா இருக்கு, கற்பக விருட்சமா இருக்கு?"

"மேரிக்கா, என்னாச்சு?" என்றாள் செல்வலட்சுமி.

"என்னைக் கேட்டா? நீ சொன்னபடிதான் செஞ்சேன். சாக்குல பச்சைத் துணி. போன்ல பச்சைத் துணி. அமுக்குனேன். அடுத்த சாக்கும் பச்சை. அமுக்குனேன். ஜீப்பு பூராவும் பச்சைதான் பாப்பா. லிபின் மழைன்னு இறக்கிப் போட்டுட்டு ஓடிட்டான். புதுத்துணி வந்தா அவனைக் கேக்கணும்னுதான சொன்ன? பச்சைதான் ஏற்கெனவே படத்துல இருக்கே!"

செல்வலட்சுமி சாக்குக் குவியலைப் பார்த்தாள். எல்லாவற்றின் வாயிலும் ஒரே பச்சை, ஒரே ஜரிகை.

நடந்தது இதுதான். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவின் முளைப்பாரி ஊர்வலத்துக்கு மேட்டுத் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஒன்றுபோல் சேலை எடுத்தார்கள், கிளிப்பச்சை, ஓரத்தில் ஜரிகை. எல்லாரும் ஒரே தையற்காரியிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தார்கள். அவள் வெட்டி மிஞ்சிய துண்டுகளை நேர்மையாகச் சுருட்டி அவரவரிடம் திருப்பிக் கொடுத்தாள். சீசன் வந்தது, சாக்குக்குப் புதுத்துணி வேண்டும், கைக்குத் தோதாக என்ன கிடைத்தது? ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளாமல், அதையே கிழித்துக் கட்டினார்கள். ஊர்வலத்தை ஒரு எட்டுப் பார்த்திருந்தால் செல்வலட்சுமிக்கு அந்தப் பச்சை கண்ணில் பட்டிருக்கும். அவள்தான் பட்டனைச் சுழலவைத்துக்கொண்டிருந்தாளே.

சங்கையா ஸ்டோருக்குள்ளிருந்து வந்தார். வேட்டியெல்லாம் ஈரம். "புதுசுல பண்ணியும் இப்படியா?" என்றார்.

"புதுசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை மாமா! பழசா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

"அப்ப எதுக்குப் புதுசு?"

செல்வலட்சுமிக்கு ரத்தம் தலைக்கேறியது. "அதை நான்தானே ஒங்ககிட்டக் கேட்டேன்! கோடை பூரா என்னைய உக்காத்தி வச்சு எழுத வச்சது யாரு?"

அதற்குள் யாரோ மருமகனுக்குப் போன் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் அவன் குரல் முற்றத்தில் கணீரென்று கேட்டது. "மாமா, டேட்டாபேஸ் டிசைன்ல ஏதோ..."

"மாப்ள, அங்க மழை பெய்யுதா?" என்றார் சங்கையா.

"இல்லையே மாமா, ஏன்?"

"இங்க பெய்யுது. அப்பறம் பேசுறேன்." வைத்துவிட்டார்.

காயைப் பிரிக்க வழியில்லை, எல்லாம் ஒன்றாகக் கொட்டியாகிவிட்டது. லிபினை நிறுத்திவைத்து, எந்த வீட்டு வாசலில் எத்தனை சாக்கு ஏற்றினாய் என்று சங்கையா கேட்டார். அவன் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துச் சொன்னான். ஒரு வீட்டுக்கு மறந்துபோனது. அந்த வீட்டுக்காரி சொன்னதை மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், சாக்குக் கணக்குக்குப் பங்கு, யாருக்காவது குறைகிறது என்றால் தன் சொந்தத் தோட்டத்துக் காயிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று சங்கையா சொன்னபிறகுதான் குரல்கள் தணிந்தன. முருகேஸ்வரிக்கு மட்டும் ஆறவில்லை. "கற்பக விருட்சமாம்ல, கற்பக விருட்சம்" என்று மூலையில் முனகிக்கொண்டே இருந்தாள்.

செல்வலட்சுமி காய்ச்சல்காரி மாதிரி ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முடிந்தது என்று நினைத்தாள். இந்தச் சண்டை இன்று சாயங்காலத்துக்குள் எல்லா ஸ்டோருக்கும் போய்விடும். கொச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு தானாகவே யோசித்தது. சங்கையா வந்து எதிர்ச் சாக்கில் உட்கார்ந்தார். கேட்டார்:

"நீ கொச்சிக்குப் போகப் போறியாமே?"

"யாரு சொன்னா?"

"ஒன் புருசன் லாட்ஜுல பேசிக்கிறாக. போன வருசத்துல இருந்தே பேசிக்கிறாக."

"அதுக்கென்ன இப்ப?"

"நீ போயிட்டா இதை யாரு பாப்பா? மாப்ள வந்து, இதை இப்ப யாரும் தொடுறதில்லைன்னு சொன்னாரா, எனக்குப் பயம் புடிச்சுக்கிருச்சு. நீயும் போயிட்டா, தொட ஆளும் இல்லைன்னா, காய் இறங்குற நேரத்துல நான் எவன் வாசல்ல போய் நிப்பேன்? புதுசுல இருந்தா எவனாச்சும் வருவான்ல, அதுக்குத்தான் கேட்டேன்."

செல்வலட்சுமி வாய்பிளந்து அவரைப் பார்த்தாள். கோடை முழுக்கத் தின்ற கோபம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"இதை அன்னைக்கே கேக்க வேண்டியதுதான மாமா? இருப்பியா, போவியான்னு ஒரு வார்த்தை! அதை விட்டுட்டுப் பழசு, புதுசுன்னு என் உசுரை வாங்கி..."

"எங்க கேக்க விட்ட? வாயைத் தொறந்தா அந்தச் சாமான், இந்தச் சாமான்னு நீதான் பேசுன. நானும் சாமானைத்தான் கேக்கணும் போலன்னு கேட்டேன்."

அவள் உட்கார்ந்திருந்த சாக்கின் பச்சைத் துணியை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"சொல்லு. இருப்பியா?"

"வேலை இருந்தா இருப்பேன்."

"வேலை இருக்கு. இந்தக் கூத்துக்கப்பறம் யாரு விட்டாலும் நான் ஒன்னைய விடுறதா இல்லை, சரிபண்ணாம எங்க போவ? ஆனா ஒண்ணு. காய் இறங்குற நேரத்துக்கு நீ இங்க நிக்கணும். உரக்கடை மாடியில இல்ல."

"நான் சாஃப்ட்வேர் எழுதுறவ மாமா. மூட்டை இறக்குறவ இல்ல."

"இறக்க வேணாம். நில்லு. நின்னிருந்தா காய் இறங்குன அன்னைக்கே இந்தப் பச்சை ஒன் கண்ணுல பட்டிருக்கும்ல?"

அது உண்மைதான், அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல். எழுந்தாள். சேலை ஒன்றாக இருக்கலாம், முகம் ஒன்றாக இருக்காது. துணிப் படத்தோடு வீட்டுக்காரியின் முகத்தையும் சேர்த்து வைத்தால், இரண்டு வீட்டில் ஒரே துணி கட்டினாலும் அந்த முகங்களைக் காட்டி இது யார் சாக்கு என்று போன் நின்று கேட்கும், இன்பமேரியும் லிபினைக் கூப்பிட்டுக் கேட்பாள். இப்போதே எல்லாரும் இருக்கிறார்கள். "எல்லாரும் இப்படி வரிசையா வாங்க, மூஞ்சியப் படம் எடுக்கணும்" என்றாள்.

அவ்வளவுதான். இத்தனை நேரம் தலைமுடியைப் பிடிக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள்.

"இந்தக் கோலத்துலயா? பிளாஸ்டிக் சீட்டோடயா?"

"தலை நனைஞ்சு கெடக்கு!"

"நாளைக்குக் குளிச்சிட்டு வர்றோம் செல்வி."

"நாளைக்கு அடுத்த காய் இறங்குதுக்கா, இப்பவே எடுத்தாத்தான் ஆகும்" என்று கெஞ்சினாள் செல்வலட்சுமி.

"எடுத்துக்க. என்னைய மட்டும் கடைசில எடு" என்று சொல்லிவிட்டு முருகேஸ்வரி, சண்டையெல்லாம் மறந்தவளாக, தன்மேல் பாய்ந்தவளிடமே ஒரு ஸ்டிக்கர் பொட்டு கடன் கேட்டாள். இரண்டு பேரும் பைப்படிக்கு முகம் கழுவப் போனார்கள். இன்பமேரியோ தன் படமும் வேண்டும், தான்தானே எல்லாவற்றையும் அமுக்குகிறவள் என்று நின்றாள். சங்கையா அடுப்பு ஆறிப்போகிறது, ஆளைக் காணோம் என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"முருகேஸ்வரிக்கா, சீக்கிரம்!" என்று கத்தினாள் செல்வலட்சுமி.

"பொறு, பவுடர் இருக்கான்னு கேட்டுட்டு வர்றேன்!"

முற்றத்தில் மழை வலுத்தது. போனை முந்தானையால் மூடிக்கொண்டு, அந்தப் பொம்பளைகள் வரும்வரை செல்வலட்சுமி அங்கேயே நின்றாள். எங்கேயும் போகிற உத்தேசம் இல்லாத ஒருத்தி எப்படி நிற்பாளோ அப்படி, பல்லைக் கடித்துக்கொண்டு.